கறுந்தாடி எத்தனை பேரைக் கொன்றான்? (கற்பனை உலகக் கடற்கொள்ளையன் குறித்த இழை)

பாய்மரம் | ஜூன் 3, இரவு 9:10

கற்பனை உலகக் கதை ஒன்று எழுதுகிறேன். ஏழு தீவு, நடுவில் ஒரே கடல், பெயரைச் சொல்லவே எல்லோரும் அஞ்சும் ஒரு கடற்கொள்ளையன். மூவாயிரம் பேரைக் கொன்றவன், பதினெட்டுத் துறைமுகங்களைக் கொளுத்தியவன் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன். படித்த ஒருவருக்கும் பயம் வரவில்லை. கறுந்தாடியை மனதில் வைத்துத்தான் இவனைச் செய்தேன். அவனும் நூற்றுக்கணக்கில் கொன்று குவித்ததால்தானே முந்நூறு வருடமாகப் பேர் நிற்கிறது? இன்னும் எத்தனை கொலை சேர்த்தால் சரியாக வரும்?

உப்புக்காற்று | ஜூன் 3, இரவு 10:02

ஒன்றுகூடச் சேர்க்க வேண்டாம். இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

கறுந்தாடி என்கிற எட்வர்ட் டீச் (அன்றைய காகிதங்களில் தாட்ச் என்றும் வரும்) 1718 நவம்பர் 22ஆம் தேதி ஒக்ரகோக் தீவருகே நடந்த கடைசிச் சண்டைக்கு முன்னால் ஒரே ஒரு ஆளையாவது கொன்றான் என்று, அவனிடம் பிடிபட்டு மீண்டவர்கள் யாரும் வாக்குமூலம் கொடுத்ததில்லை. தனித் தலைவனாக அவன் கடலில் இருந்ததே இரண்டு வருடத்துக்கும் குறைவு.

கொள்ளையனுக்கு வேண்டியது சரக்கு. சண்டை போட்டால் வெடிமருந்து செலவு, ஆள் சேதம், பாய் கிழியும், பிடிக்கப்போகிற கப்பலே ஓட்டையாகும். எதிரே இருக்கும் வணிகக் கப்பலில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் மாதக் கூலிக்காரர்கள். சரக்கில் அவர்களுக்குப் பங்கு கிடையாது, அதற்காக உயிரைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. "சரணடைந்தால் விட்டுவிடுவான், எதிர்த்தால் தொலைந்தோம்" என்ற இரண்டு வரியை அவர்கள் நம்பினால் போதும், வேலை முடிந்தது. இதில் முதல் வரிதான் முக்கியம். பிடித்தவர்களையெல்லாம் கொல்கிறவன் என்று பேர் வாங்கினால் அடுத்த கப்பல்காரன் எப்படியும் சாகப்போகிறோம் என்று கடைசி ஆள்வரை அடிப்பான். உங்கள் மூவாயிரம் கொலைக்காரனுக்கு ஒரு கப்பலும் சுலபமாக மடங்காது.

உப்புக்காற்று | ஜூன் 4, காலை 6:35

இதற்கு நேரடிச் சாட்சியாக ஒரு சம்பவம் இருக்கிறது. 1718 வசந்தம், ஹோண்டுராஸ் விரிகுடா. பாஸ்டனைச் சேர்ந்த 'புராட்டஸ்டன்ட் சீசர்' என்ற கப்பல், 400 டன், 26 பீரங்கி, தலைவர் வில்லியம் வையர். மார்ச் கடைசியில் ஸ்டீட் போனட்டின் கொள்ளைக் கப்பல் இதைத் தாக்கியது. போனட்டிடம் இருந்தது 10 பீரங்கி. வையரின் ஆட்கள் திருப்பி அடித்து விரட்டிவிட்டார்கள்.

சில நாள் கழித்து அதே போனட்டின் கப்பலோடு டீச்சின் பெரிய கப்பலும் வந்து நின்றது. பெரிய கப்பலில் கறுப்புக் கொடியும் மண்டையோடும், சின்னக் கப்பல்களில் சிவப்புக் கொடி. வையர் தன் ஆட்களைக் கேட்டார், கப்பலைக் காப்பாற்றச் சண்டை போடுவீர்களா என்று. ஸ்பானியர் என்றால் போடுவோம், கொள்ளையர் என்றால் மாட்டோம் என்றார்கள். வந்திருப்பது டீச், கூடவே நாம் அடித்து விரட்டியவனும் நிற்கிறான் என்று தெரிந்ததும் மொத்தப் பேரும் கப்பலை விட்டுக் கரைக்குப் போய்விட்டார்கள். 26 பீரங்கியும் சும்மா நின்றன.

டீச் பிறகு வையரைக் கூப்பிட்டு, உனக்கு ஒன்றும் செய்யமாட்டேன், கப்பலை மட்டும் எரிக்க வேண்டும் என்றான். காரணம், அது பாஸ்டன் கப்பல். பாஸ்டனில் முந்தைய நவம்பரில் கொள்ளையர்கள் ஆறு பேரைத் தூக்கிலிட்டிருந்தார்கள். எரித்தான். ஆளை விட்டான். அந்த ஆள் ஊருக்குப் போய்ச் சொன்னது செய்தித்தாளில் வந்தது. உங்கள் கதையில் ஒரு வையர் இருக்கிறாரா? உயிரோடு திரும்பி வந்து பேசுகிற ஆள்? பதினெட்டுத் துறைமுகத்தைக் கொளுத்துவதைவிட ஒரு கப்பலை எரித்து அதன் தலைவரை முழுசாக வீட்டுக்கு அனுப்புவது நூறு மடங்கு வேலை செய்யும்.

பாய்மரம் | ஜூன் 4, மதியம் 1:20

புரிகிறது. ஆனால் கொலை இல்லாமல் காட்சியில் பதற்றம் எங்கிருந்து வரும்? கப்பலைப் பார்த்தார்கள், சரணடைந்தார்கள் என்றால் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறதே.

உப்புக்காற்று | ஜூன் 4, இரவு 8:47

ஒரு பத்தியில் முடியாது, ஐந்து மணி நேரம் ஆகும். கணக்கைப் பாருங்கள்.

கண் இருக்கும் உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். பாய்மர உச்சியில் 25 மீட்டரில் இருப்பவனுக்கு ஏறக்குறைய 18 கி.மீ. எதிரே வருகிற பாய்மரமும் 25 மீட்டர் என்றால், வானம் தெளிவாக இருந்தால், அதன் உச்சி 36 கி.மீ.யிலேயே தலைகாட்டும். மூட்டம், அலை எல்லாம் கழித்து 18 கி.மீ.யில் பார்த்ததாக வைப்போம். அது கிட்டத்தட்ட 10 கடல் மைல். சரக்கேற்றிய கப்பல் 5 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), துரத்துகிறவன் 7 நாட். மணிக்கு 2 கடல் மைல்தான் இடைவெளி குறையும். ஐந்து மணி நேரம்.

அந்த ஐந்து மணி நேரமும் உங்கள் கையில். முதல் மணியில் ஒரு பாய், யாரோ வழிப்போக்கன். இரண்டாம் மணியில் நாம் திசை மாற்றினால் அவனும் மாற்றுகிறான். மூன்றாம் மணியில் கப்பலின் உடல் தெரிகிறது, சொந்த நாட்டுக் கொடிதான், கொஞ்சம் மூச்சு வரும். அது பொய்க்கொடி. நான்காம் மணியில் தொலைநோக்கியில் தளம் தெரியும். சரக்குக் கப்பலில் இருக்கக்கூடாத அளவுக்குத் தலைகள். அந்தத் தலைகளை எண்ணும்போதுதான் வயிறு கலங்கும், கொடிக்கு அப்புறம் வேலையே இல்லை. நல்ல கொடி இறங்கிக் கறுப்புக் கொடி ஏறுவது கடைசி ஐந்நூறு மீட்டரில்.

உங்கள் உலகம் பூமியைவிடச் சின்னது என்றால் 3.57ஐ மாற்ற வேண்டும். ஆரம் பாதி என்றால் 2.52. தொடுவானம் சுருங்கும், துரத்தலும் மூன்றரை மணியாகச் சுருங்கும். இரண்டு நிலா வைத்திருக்கிறீர்கள் என்றால் ஓதத்தையும் கணக்குப் போட வேண்டும், அது வேறு கதை.

கலப்பத்து | ஜூன் 5, காலை 7:15

7 நாட், 5 நாட் என்று எழுதிவிட்டீர்கள், அந்த 2 நாட் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லையே. வெப்பக் கடலில் மரக் கப்பலின் அடியில் இரண்டு மூன்று மாதத்தில் பாசியும் கொட்டலசும் (ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரிகள்) மண்டிவிடும். வேகம் போகும். கப்பல்புழு பலகைக்குள் விரல் பருமனுக்குத் துளை போடும், வெளியே பார்த்தால் குண்டூசித் துளை மாதிரிதான் இருக்கும். வணிகக் கப்பல்காரன் சரக்குக் கூலியை இழந்து இதற்காக நிற்கமாட்டான். கொள்ளையன் நின்றே ஆக வேண்டும்.

செய்முறை: யாரும் வராத, சாய்வான மணல் கரையாகப் பார்த்து ஏற்ற ஓதத்தில் உள்ளே வருவார்கள். பீரங்கி, பீப்பாய், அடிப்பாரம் (கப்பல் கவிழாமலிருக்க அடியில் வைக்கும் கனம்) எல்லாம் கரைக்கு. மேல் பாய்மரங்களைக் கழற்றி இறக்குவார்கள், இல்லாவிட்டால் சாய்க்கும்போது முறியும். மரத்தில் கப்பி கட்டிக் கயிறு இழுத்து ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். கூளத்தைக் கொளுத்தி வாட்டினால் பாசி காய்ந்து உதிரும், மிச்சத்தைச் சுரண்ட வேண்டும். புழு தின்ற பலகையை மாற்றி, இடுக்கில் சணல் திணித்துக் கலப்பத்து அடித்து, மேலே தார், கொழுப்பு, கந்தகம் கலந்து பூசுவார்கள். பிறகு மறுபக்கம். பெரிய கப்பல் என்றால் வாரக்கணக்கு. அந்த நேரத்தில் எதிரி வந்தால் பீரங்கி ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம், கதை முடிந்தது.

இதில் எழுத்தாளருக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் ஒரு மாதம் காணாமல் போவான். ஏன் போனான் என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு மாதத்தை ஊர்வாய் நிரப்பும். கடலடிக்குப் போனான், பேயோடு ஒப்பந்தம் போட்டான், செத்துப் பிழைத்தான். உண்மையில் கப்பலுக்கு அடியில் உட்கார்ந்து பாசி சுரண்டிக்கொண்டிருப்பான்.

உப்புக்காற்று | ஜூன் 5, காலை 9:30

கடைசிப் பத்திதான் இந்த இழையிலேயே சிறந்தது. திருத்தம் ஒன்றே: கப்பலின் வேகம் அதன் உடல் வடிவத்தையும் பாய்களையும் பொறுத்தது. எனவே வேகம் முழுக்கப் பாசி சுரண்டியதால் மட்டும் வந்ததல்ல.

ராந்தல் | ஜூன் 5, மாலை 6:05

தொப்பிக்கடியில் திரி கொளுத்தி வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவான் என்பது? அதுவாவது உண்மையா? தாடி பற்றிக்கொள்ளாதா?

உப்புக்காற்று | ஜூன் 5, இரவு 9:58

முதலில் பொருளைப் பார்ப்போம். இது பீரங்கிக்குத் தீ வைக்கிற மெதுதிரி. சணல் கயிற்றை வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தது. ஊதுவத்தி முனையைப் போலக் கனலும், சுடர் வராது. மணிக்கு ஏறக்குறைய ஓர் அடி எரியும். விரல் நீளத் துண்டு என்றால் கால் மணி நேரம் தாங்கும். எனவே தாடி பற்றி எரியாது. ஆனால் கனலும் முனை சாம்பல் கட்டி உதிரும், எண்ணெய் பூசிய முடியில் விழுந்தால் பொசுங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து மார்பில் தொங்கும் கைத்துப்பாக்கிகளின் பற்றுமருந்து. ஒரு பொறி விழுந்தால் தானே வெடிக்கும். முனைகள் தொப்பி விளிம்புக்கு வெளியே நீட்டியிருந்தால் ஓரளவு பாதுகாப்பு. எதிர்க்காற்றில் நின்றால் புகை முழுக்கத் தன் கண்ணில்தான்.

இப்போது சாட்சி. 1717 டிசம்பர் 5ல் ஹென்றி பாஸ்டக் என்பவரின் 'மார்கரெட்' என்ற ஒற்றைப்பாய்மரக் கப்பலைப் பிடித்தான். பாஸ்டக் எட்டு மணி நேரம் அவர்கள் பிடியில் இருந்தார். பிறகு கொடுத்த வாக்குமூலத்தில் டீச்சைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: உயரம், ஒல்லி உடம்பு, மிகக் கறுத்த தாடி, அதை மிக நீளமாக விட்டிருந்தான். திரி இல்லை. தாடியில் ரிப்பன் இல்லை. பறிகொடுத்ததோ மாடு, பன்றி, கொஞ்சம் வெடிமருந்து, சில துப்பாக்கிகள், தன் புத்தகங்கள், கடற்கருவிகள். தன்னையும் ஆட்களையும் துன்புறுத்தவில்லை என்றும் சொல்கிறார்.

திரி, கண்ணுக்கு அடிவரை ஏறிய தாடி, காதைச் சுற்றிய ரிப்பன் பின்னல், நரகத்திலிருந்து எழுந்து வந்த பார்வை, மார்பில் மூன்று ஜோடித் துப்பாக்கி, எல்லாம் 1724ல் லண்டனில் அச்சான கொள்ளையர் வரலாற்றில் வருகிறது. டீச் செத்து ஆறு வருடம் கழித்து. சும்மா நீளத் தாடியாக இருந்தது அதற்குள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துக்கொண்டது.

உப்புக்காற்று | ஜூன் 6, காலை 5:50

நேற்று எழுதியதில் ஓர் அவசரம் இருக்கிறது. திரியை முழுப் புளுகு என்று தள்ளிவிட்டேன் போலத் தொனிக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஒரு விதை இருந்திருக்கலாம். கடைசிச் சண்டையில் டீச்சின் ஆட்கள் புட்டிக்குள் வெடிமருந்தும் ஈயமும் இரும்புத் துண்டும் அடைத்த கைக்குண்டுகளை வீசினார்கள். கைக்குண்டு வீசுகிறவனுக்குக் கனலும் திரி கைக்கெட்டும் இடத்தில் வேண்டும், இரண்டு கையும் காலியாகவும் வேண்டும். தொப்பியில் செருகுவது அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை. இது என் ஊகம்தான், சாட்சி கிடையாது. ஆனால் கட்டுக்கதை செய்கிறவர்களுக்கு இந்த வழி உதவும்: ஒவ்வொரு அமானுஷ்ய அடையாளத்துக்கும் அடியில் ஒரு தொழில் காரணம் வையுங்கள். ஆறு துப்பாக்கி ஏன்? ஒன்றில் ஒரே குண்டு. திரும்ப அடைக்க அரை நிமிடமாவது ஆகும், கைகலப்பில் அந்த அரை நிமிடம் கிடைக்காது, உப்பீரத்தில் ஒன்றிரண்டு வெடிக்காமலும் போகும். ஆறும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ எடை. பார்க்கிறவனுக்கு அது வெறி, தூக்குகிறவனுக்கு அது கணக்கு.

கலப்பத்து | ஜூன் 6, மதியம் 12:40

அந்தப் பெரிய கப்பலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பிரெஞ்சு அடிமைக் கப்பல் 'லா கான்கார்ட்', நாந்த் துறைமுகத்தைச் சேர்ந்தது. 1717 நவம்பர் 28ல் மார்ட்டினிக் அருகே பிடித்து 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்று பேர் மாற்றினார்கள். 40 பீரங்கிக் கப்பல். அவ்வளவு பெரிய கப்பலை இரண்டு சின்ன ஸ்லூப்களை (ஒற்றைப்பாய்மரக் கப்பல்களை) வைத்துப் பிடித்ததே அவன் பேரை ஏற்றிவிட்ட விஷயம். அடுத்த வாரமே பாஸ்டக் அவனிடம் மாட்டுகிறார்.

உப்புக்காற்று | ஜூன் 6, இரவு 10:25

மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஒன்று, தேதி. நவம்பர் 28 பிரெஞ்சுக்காரர் நாட்காட்டி. பாஸ்டக்கின் டிசம்பர் 5 ஆங்கிலேயர் நாட்காட்டி, அது அன்று 11 நாள் பின்தங்கியது. ஆங்கிலக் கணக்கில் லா கான்கார்ட் பிடிபட்டது நவம்பர் 17. இடைவெளி ஒரு வாரமல்ல, 18 நாள். ஒரே கடலில் இரண்டு நாட்காட்டி ஓடினால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருந்ததாகக் கதை கிளம்பும். பாய்மரம், உங்கள் ஏழு தீவுக்கு இது இலவசமாகக் கிடைக்கிற மாயம்.

இரண்டு, எப்படிப் பிடித்தார்கள் என்பது. கப்பலில் 75 மாலுமிகள் கிளம்பினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் 16 பேர் செத்தார்கள், 36 பேர் ஸ்கர்வியிலும் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வயிற்றுக்கடுப்பிலும் கிடந்தார்கள். நிற்கக்கூடியவர்கள் 23 பேர். எதிரே வந்த ஸ்லூப் ஒன்றில் 120 பேர், 12 பீரங்கி. இன்னொன்றில் 30 பேர், 8 பீரங்கி. இரண்டு முறை சுட்டார்கள், தலைவர் டோசே சரணடைந்தார். வீரம் என்று சொல்ல இதில் அதிகம் இல்லை.

மூன்று, பீரங்கி எண்ணிக்கை. பிடிபட்ட அன்று 16. பதினெட்டு நாள் கழித்து பாஸ்டக் 36 என்கிறார், ஆட்கள் முந்நூறு இருக்கும் என்கிறார். 120உம் 30உம் சேர்த்தால் 150தானே. பிறகு வந்த எழுத்துகளில் பீரங்கி 40. ஒவ்வொரு வாயிலும் ஒரு சுற்றுப் பெருக்கிறது.

ராந்தல் | ஜூன் 6, இரவு 11:10

16 + 12 + 8 = 36. மூன்று கப்பல் பீரங்கியையும் ஒன்றில் ஏற்றியிருந்தால் பாஸ்டக் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

உப்புக்காற்று | ஜூன் 7, காலை 6:12

அட, இதைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. சின்ன ஸ்லூப்பை டோசேயிடமே கொடுத்து அனுப்பினார்கள், அதன் 8 பீரங்கியைக் கழற்றாமல் விட்டிருக்கமாட்டார்கள். ஆக 24 நிச்சயமாக நினைக்கலாம். மற்ற ஸ்லூப்பை வெறுங்கையாக விட்டிருப்பார்களா என்பதுதான் இடிக்கிறது. இடையில் பிடித்த கப்பல்களிலிருந்தும் வந்திருக்கலாம். பாஸ்டக் மிகைப்படுத்தினார் என்ற தொனியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இந்த ஆள் பன்றி, மாடு எல்லாம் கணக்காகச் சொன்னவர்.

கடலடிச் சாட்சியும் உண்டு. 1718 ஜூனில் அந்தக் கப்பல் வட கரோலினாவில் இன்றைய போஃபோர்ட் முகத்துவாரத்து மணல்திட்டில் தரை தட்டியது. 1996 நவம்பர் 21ல் ஆழம் குறைந்த நீரிலேயே சிதைவு கிடைத்தது. முப்பது பீரங்கிக்குக் குறையாமல் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஸ்வீடனில் வார்த்தது, இங்கிலாந்தில் வார்த்தது எனக் கலவை. கிடைத்த கிடைத்த கப்பலில் கழற்றிச் சேர்த்த படை அது. ஒரு பீரங்கியின் அடிக்குழியிலிருந்த ஈரக்கட்டிக்குள் அச்சுக் காகிதத் துணுக்குகள் இருந்தன. எழுத்துகளைப் படித்துப் பார்த்ததில் 1712ல் அச்சான ஒரு கடற்பயண நூலின் பக்கங்கள்.

பொன் எவ்வளவு? சில துளித் தூள். புதையல் பெட்டி கிடையாது. ஆனால் சிறுநீர்க்குழாய்க்குள் மருந்து ஏற்றும் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பீச்சாங்குழல் கிடைத்தது, அதில் பாதரசத் தடயம். மேகநோய்க்குப் பாதரசம்தான் அன்றைய மருந்து.

பாய்மரம் | ஜூன் 7, மாலை 4:30

பீச்சாங்குழலா? கடற்கொள்ளையன் கதையில் நான் எதிர்பார்த்த கடைசிப் பொருள்.

உப்புக்காற்று | ஜூன் 7, இரவு 9:15

முதல் பொருளாக வைத்துப் பாருங்கள். லா கான்கார்டிலிருந்து அவர்கள் கட்டாயப்படுத்திப் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? மூன்று வைத்தியர்கள், இரண்டு தச்சர்கள், வழிகாட்டி மாலுமி, சமையல்காரர். ஆறு மாதம் கழித்து, 1718 மே மாதம், சார்ல்ஸ் டவுன் துறைமுக வாயிலை ஏறக்குறைய ஒரு வாரம் அடைத்து நின்றான். வந்த போன கப்பலெல்லாம் பிடிபட்டது. பிணைக்கைதிகளில் மாகாண ஆலோசனை சபை உறுப்பினர் சாமுவேல் ராக்கும் அவர் சிறு பையனும் உண்டு. தராவிட்டால் தலைகளை அனுப்புவேன் என்று மிரட்டிக் கேட்டது என்ன? ஒரு மருந்துப் பெட்டி. மதிப்பு 300, 400 பவுண்டு. படகு கவிழ்ந்து கெடு தாண்டியும் ஒருவரையும் கொல்லவில்லை. பெட்டி வந்தது, நல்ல உடைகளை உருவிக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டான்.

ஒரு நகரமே நடுங்கிக்கொண்டிருக்கிறது. நடுங்க வைத்தவன் கப்பலில் நோயாளிகள் கிடக்கிறார்கள், அவர்களுக்கு மருந்து கிடைக்காவிட்டால் நாளை அவன் தலைமையே போய்விடும். கொள்ளைக் கப்பலில் தலைவனை வாக்குப் போட்டு ஏற்றுவார்கள், இறக்கவும் இறக்குவார்கள். இரண்டு பக்கமும் பயம். கரையில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். உங்கள் கதைக்கு இதைவிடப் பதற்றம் எங்கே தேடப்போகிறீர்கள்?

ராந்தல் | ஜூன் 8, காலை 8:00

லா கான்கார்ட் அடிமைக் கப்பல் என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள் எல்லோரும். அதில் இருந்த அடிமைகள் என்ன ஆனார்கள்?

உப்புக்காற்று | ஜூன் 8, இரவு 10:40

கேட்க வேண்டிய கேள்வி, நானே எழுதியிருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் ஏற்றியவர்கள் 516 பேர். கடல் தாண்டுவதற்குள் 61 பேர் செத்தார்கள். கொள்ளையர்கள் பெக்வியா தீவில் பெரும்பாலானவர்களை பிரெஞ்சு மாலுமிகளோடு இறக்கிவிட்டார்கள், சிலரைத் தம்மோடு வைத்துக்கொண்டார்கள். கொடுத்துவிட்டுப் போன சின்ன ஸ்லூப்புக்கு பிரெஞ்சுக்காரர்கள் 'கெட்ட சந்திப்பு' என்று பேர் வைத்தார்கள். அந்தக் கெட்ட சந்திப்பில்தான் இரண்டு நடையாக அந்த மக்களை மார்ட்டினிக்குக் கொண்டுபோய் விற்றார்கள்.

பாஸ்டக்கின் வார்த்தை இருக்கிறது, வையரின் வார்த்தை இருக்கிறது. அடித்தளத்தில் சங்கிலியில் இருந்தவர்களின் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கடலில் எவன் பயங்கரமானவன் என்று அவர்களைக் கேட்டிருந்தால் நாந்திலிருந்து வந்த, கணக்குப் புத்தகம் வைத்திருந்த, சட்டப்படி உரிமம் பெற்ற முதலாளியின் பேரைத்தான் சொல்லியிருப்பார்கள். பாய்மரம், உங்கள் ஏழு தீவில் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சரக்கு உள்ளவர்களாக இருந்தால் கதை பாதிதான். அடித்தளத்தில் இருக்கிற ஒருத்திக்கு அந்தக் கறுப்புக் கொடி எப்படித் தெரியும் என்று ஓர் அத்தியாயமாவது எழுதுங்கள். அவளுக்கு அது விடுதலையும் இல்லை. அவனும் அவளை எண்ணிக் கணக்குப் பார்க்கிறவன்தான்.

கலப்பத்து | ஜூன் 9, காலை 7:50

கொடி என்றதும் ஒன்று. எலும்புக்கூடு ஒரு கையில் மணல்கடிகாரம், மறு கையில் ஈட்டியால் இதயத்தைக் குத்துவது போன்ற கொடியைக் கறுந்தாடியுடையது என்று எங்கும் போடுகிறார்கள். அவன் காலச் சாட்சிகள் யாரும் அதைச் சொல்லவில்லை. மண்டையோட்டுக் கறுப்புக் கொடி என்றுதான் இருக்கிறது. பொதுவழக்கு: கறுப்பு என்றால் சரணடைந்தால் உயிர் மிஞ்சும், சிவப்பு என்றால் மிஞ்சாது.

உப்புக்காற்று | ஜூன் 9, இரவு 9:05

சாவைச் சொல்லாமல் இந்த இழை முடியாது. வர்ஜீனியா ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் இரண்டு சின்ன ஸ்லூப்களை அனுப்பினார், தலைமை லெப்டினன்ட் ராபர்ட் மேனார்ட். கிட்டத்தட்ட 60 பேர், ஒரு பீரங்கி கிடையாது, ஏனென்றால் ஒக்ரகோக்கில் ஆழம் இல்லை. டீச்சிடம் 'அட்வென்சர்' என்ற ஸ்லூப், இருபது பேர் சுற்றி, எட்டு ஒன்பது பீரங்கி. இருவருமே மணலில் தட்டினார்கள். மேனார்ட் அடிப்பாரத்தையும் தண்ணீர்ப் பீப்பாயையும் கடலில் கொட்டிக் கப்பலை மிதக்க வைத்தார். டீச்சின் ஒரே பக்கவாட்டு அடியில் மேனார்ட் தரப்பில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். மேனார்ட் மீதிப் பேரைத் தளத்துக்குக் கீழே இறக்கி ஒளித்துவைத்தார். காலியான தளத்தைப் பார்த்து எல்லோரும் செத்தார்கள் என்று நம்பி டீச் தாவினான். கீழே இருந்தவர்கள் ஏறி வந்தார்கள்.

தூரத்தில் தெரிகிற தோற்றத்தை வைத்தே கப்பல் பிடித்தவன், தூரத்தில் தெரிந்த தோற்றத்தை நம்பிச் செத்தான். ஐந்து குண்டுக் காயம், இருபது வெட்டு என்று மேனார்ட் எழுதினார். தலையை வெட்டிக் கப்பல் முனையில் முன்னோக்கி நீட்டிய மரத்தில் தொங்கவிட்டது பரிசுப் பணத்துக்கு அத்தாட்சி. டீச் தலைக்கு 100 பவுண்டு அறிவிப்பு இருந்தது. தலையில்லாத உடல் கப்பலை மூன்று முறை சுற்றி நீந்தியது என்பது பின்னால் முளைத்தது. ஏழு முறை என்பாரும் உண்டு.

கைப்பற்றிய சொத்து: 25 பெரும் பீப்பாய் சர்க்கரை, 145 மூட்டை கோக்கோ, ஒரு பீப்பாய் அவுரி, ஒரு பொதி பஞ்சு.

ராந்தல் | ஜூன் 10, காலை 6:45

அப்படியானால் சாகாமல் காணாமல் போனவன்? ஹென்றி எவரி 1695ல் ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைப் பிடித்தான், 1696க்குப் பிறகு ஆளே இல்லை. மடகாஸ்கரில் ராஜாவாக இருக்கிறான் என்று லண்டனில் பேச்சு. தலை கிடைத்தவன் பேய் ஆனான், தலை கிடைக்காதவன் ராஜா ஆனான்.

உப்புக்காற்று | ஜூன் 10, இரவு 8:20

ஆனால் எவரியின் ஆட்கள் அந்தக் கப்பலில் இருந்தவர்களைச் சித்திரவதை செய்ததும் பெண்களைச் சீரழித்ததும் பதிவில் இருக்கிறது. ராஜா கதை அதை மூடிவிட்டது. டீச்சுக்குச் செய்யாத கொலைகளை ஏற்றினார்கள், எவரிக்குச் செய்த கொடுமையை இறக்கினார்கள். உங்கள் கற்பனை உலகில் மந்திரக் கண்ணாடியோ பறவைத் தூதோ வைத்துச் செய்தி ஒரு நாளில் போகும் என்று வைத்திருந்தால் இதெல்லாம் நடக்காது. செய்தி வாரக்கணக்கில் படகேறிப் போகட்டும்.

பாய்மரம் | ஜூன் 14, இரவு 11:30

மூவாயிரத்தை எடுத்துவிட்டேன். துறைமுகம் ஒன்றும் எரியவில்லை. முதல் அத்தியாயம் இப்போது ஒரு சரக்குக் கப்பல் சமையல்காரர் துறைமுகக் குமாஸ்தாவிடம் பறிபோனதைச் சொல்லி எழுதவைப்பதாகத் தொடங்குகிறது. பன்றி, சட்டி, உப்பு, வைத்தியர் ஒருவர். குமாஸ்தா ஆளைப் பற்றிக் கேட்கிறான். சமையல்காரர் பேச்சை நிறுத்திவிடுகிறார். காட்சிக்குள் போகும்போது ஐந்து மணி நேரத் துரத்தல், கடைசியில் எங்கள் கப்பலுக்குக் காற்றுக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து அவன் நெருங்குகிறான், தொப்பியில் திரி புகைகிறது.

உப்புக்காற்று | ஜூன் 15, காலை 5:40

கீழ்ப்பக்கத்திலிருந்து வேண்டாம். துரத்துகிறவன் முடிந்தவரை காற்றுக்கு மேற்பக்கத்தைப் பிடிப்பான், அப்போதுதான் எப்போது நெருங்குவது என்பது அவன் கையில் இருக்கும். மேற்பக்கம் வந்தால் காற்று அவனிடமிருந்து உங்கள் சமையல்காரரை நோக்கி வீசும். திரியைக் கடைசிக் கால் மணியில்தான் கொளுத்துவான். முகம் தெரிவதற்கு முன்னால் கருகும் சணல் வாசனை வந்து சேரும். சமையல்காரர் முதலில் தன் அடுப்பைத் திரும்பிப் பார்க்கட்டும்.